ஃபாக்ஸ்ஃபயர் 12 தொகுதிகள்: எதை வாங்கலாம், எதை நம்பிச் செய்யலாம்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது ராபன் கவுண்டி. அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதி. 1966-ல் அங்கே பள்ளி ஆசிரியராக வந்த எலியட் விக்கின்டன், பாடத்தில் மனம் ஒட்டாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பிள்ளைகள் டேப் ரெக்கார்டரும் கேமராவும் எடுத்துக்கொண்டு மலையூர்ப் பெரியவர்களிடம் போனார்கள். வீடு கட்டுவது, சோப்புக் காய்ச்சுவது, தோல் பதனிடுவது, பிரசவம் பார்ப்பது என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அந்தப் பேட்டிகள் 1972-ல் முதல் தொகுதியாக வந்தன. பன்னிரண்டாவது 2004-ல் வந்தது. மட்கிய மரத்தில் இருட்டில் மினுங்கும் பூஞ்சைக்குப் பெயர்தான் ஃபாக்ஸ்ஃபயர்.

பன்னிரண்டையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். 1, 2, 6, 9 ஆகிய நான்கும் முதலில் போதும். மரவீடு, சோப்பு, சமையல் 1-ல் இருக்கின்றன. நூற்பு, நெசவு, மருத்துவச்சி வேலை 2-ல். செருப்புத் தைப்பது, மரப் பொம்மைகள், மரப் பூட்டு, தண்ணீரில் ஓடும் மர அறுவை மில் 6-ல். இரும்பு வேலையில் ஆர்வமுள்ளவர் 5-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். 7 முழுக்க மலைமக்களின் மதவாழ்வு; ஆய்வாளருக்கு அருமையானது, கைவேலைக்காரருக்குத் தேவைப்படாது.

பெரிய குறை, ஒரு பொருள் ஒரே இடத்தில் இல்லாதது. மரவீடு 1-லும் வருகிறது, 9-லும் வருகிறது. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் செய்வது 3-லும் 6-லும். காட்டுக் கீரை, காய்களுக்கு 2, 3, 11 மூன்றையும் புரட்ட வேண்டும். வாங்கியதும் ஒரு நோட்டில் உங்களுக்கு வேண்டிய பொருளுக்குத் தொகுதியும் பக்கமும் குறித்துவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேடியே பொழுது போய்விடும்.

தொகுப்பின் உச்சம், என் கணிப்பில், 9-ல் உள்ள ஜட் நெல்சன் வண்டி. ஒரு கொல்லர் குதிரை வண்டி ஒன்றை முழுதாகச் செய்து முடிப்பதை அடி அடியாகப் படம் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரம் தெரிந்தவருக்குக் நடுக் குடம், ஆரக்கால், வெளிச்சுற்று மரமான வட்டை மூன்றும் பார்த்ததும் அடையாளம் தெரியும். இரும்புப் பட்டா ஏற்றும் இடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். 1.2 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 3.77 மீட்டர். அந்த நீளத்துப் பட்டாவை 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீளும். பட்டாவின் உள்சுற்றைச் சக்கரத்தின் சுற்றளவைவிட அந்த நீட்சிக்குள் அடங்கும் அளவுக்குத்தான் குறைத்து வெட்டலாம். குறைவு போதாவிட்டால் பட்டா ஆறிய பிறகும் இறுகாது, வெயிலில் மரம் சுருங்கியதும் கழன்றுவிடும். குறைவு மிஞ்சினால் சக்கரம் கிண்ணம்போல் அளவுக்கு மீறிக் குழியும், இல்லை ஆரக்கால் ஒடியும். சக்கரத்தில் ஏறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றாவிட்டால் வட்டை கருகும்.

மரவீட்டுப் பகுதியும் தரமானது. மூலையில் மரங்கள் கோக்கும் டவ்டெயில் (புறா வால் வடிவ) வெட்டின் சரிவு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மழைநீர் வெளியே வழிந்துவிடும். சரிவு உள்நோக்கிப் போனால் மூலையில் நீர் தங்கி, முதலில் உளுப்பது அந்த இடம்தான். கூரைப் பலகைக்கு நேரான நாருள்ள வெள்ளை ஓக் மரத்தை அறுக்காமல் பிளக்கிறார்கள். நார் முறுக்கியிருந்தால் பலகையும் முறுக்கிக்கொண்டுதான் வரும்.

சோப்பு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பழைய முறையில் மரச்சாம்பலில் மழைநீர் ஊற்றி வடித்த காரநீரைப் பன்றிக்கொழுப்போடு காய்ச்சுவார்கள். அந்தக் காரநீரின் திறன் மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும். சாம்பலில் இருப்பது பொட்டாசியக் காரம் என்பதால் சோப்பு கூழாகவே நிற்கும். உப்புச் சேர்த்தால்தான் கட்டியாகும். இன்று செய்பவர் காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். 500 கிராம் பன்றிக்கொழுப்புக்கு 66 கிராம். அதே அளவு தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று பிசுபிசுக்கும், மற்றது தோலைப் புண்ணாக்கும். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வார்த்த கட்டியை 4 முதல் 6 வாரம் காற்றாட விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

நாட்டு வைத்தியப் பக்கங்களைப் படியுங்கள், செய்து பார்க்காதீர்கள். 4-ல் வரும் சாசஃப்ராஸ் தேநீரை அந்த மரத்தின் வேரில்தான் வைக்கிறார்கள்; வேரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாஃப்ரோல் இருக்கிறது. அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1960-லேயே தடை செய்தது. பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத காய்களைப் புட்டியில் அடைக்க வெறும் கொதிநீர் போதாது. பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து சாக 116 டிகிரி வேண்டும், அதற்குப் புட்டிகளை ஆவி அழுத்தத்தில் சூடேற்றும் பிரஷர் கேனர்தான் வழி. பீன்ஸை நூலில் கோத்து உலர்த்தும் மலையூர் வழக்கத்தில் அந்த ஆபத்து இல்லை. இரவு ஊறவைத்து, இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இந்தத் தொகுப்பை விடமுடியாமல் வைத்திருப்பது மனிதர்கள். 1-ல் ஆரி கார்பென்டர் என்ற கிழவியின் வீட்டுக்குப் பிள்ளைகள் போகும்போது, அவர் பன்றித்தலையிலிருந்து கண்ணைப் பிடுங்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளும் கை கொடுக்கிறார்கள். சமையலும் வாழ்க்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. எதற்காக இப்படிச் செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. செய்முறையை மட்டும் தனியே உருவி அட்டவணையாக்கியிருந்தால் அது காணாமல் போயிருக்கும். வீட்டுப் பெரியவர்களின் கைவேலையைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது.

மலையூர் ஆங்கிலம் முதலில் தடுமாற வைக்கும். வாய்விட்டுப் படித்தால் பத்துப் பக்கத்தில் பழகிவிடும். படங்கள் கறுப்பு வெள்ளை. அளவுகள் அடி, அங்குலம், பவுண்டு, காலன். பவுண்டு 454 கிராம். காலனில் கவனம் தேவை: அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ் காலன் என்று நினைத்து 4.546 லிட்டர் ஊற்றினால் எந்தக் கலவையும் நீர்த்துப்போகும்.