கூடங்குளமா, முப்பந்தலா?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் முப்பந்தல் காற்றாலைகள், அங்கிருந்து அதிக தூரமில்லாத கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம். கார்பன் உமிழ்வுக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான்: ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2014 மதிப்பீட்டில் ஒரு யூனிட்டுக்கு அணுமின்சாரம் 12 கிராம், காற்றாலை 11 கிராம், நிலக்கரியோ 820 கிராம்.

அப்புறம் வித்தியாசம் எங்கே? நேரத்தில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை அடித்து வீசும், அந்த மாதங்களில் காற்றாலை மின்சாரம் கொட்டும், காற்று ஓய்ந்தால் இறக்கை நிற்கும். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள், தலா 1000 மெகாவாட், பராமரிப்புக்கோ பழுதுக்கோ நிறுத்தினால் தவிர இரவு பகலாக ஓடுபவை.

ஆனால் அந்த உலைகள் வந்த கதையையும் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் 1988இல், கட்டுமானம் தொடங்கியது 2002இல், முதல் உலையின் மின்சாரம் கிடைத்தது 2013இல். காற்றாலையைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம், தமிழ்நாட்டில் அதன் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

2011இல் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, கூடங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள இடிந்தகரை மக்கள் கேட்டது பாதுகாப்பையும் கழிவையும் பற்றி. எரிந்த எரிபொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆபத்தாகவே இருக்கும், அதை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பதற்கு அந்த ஊர்களுக்குத் தெளிவான பதில் தர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

என் தேர்வு: புதிய பணம் முதலில் காற்றுக்கும் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கும் போகட்டும். ஓடிக்கொண்டிருக்கும் உலைகளை மூட வேண்டாம், மூடினால் அந்த இடத்தை நிலக்கரிதான் பிடிக்கும்.