சேலம் வெயிலில் செடிக்குத் தண்ணீர்: ஓஸ் பைப்பா, சொட்டுநீரா, பானையா?

பங்குனி பிறந்துவிட்டால் சேலத்தில் வீட்டுத் தோட்ட வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலைதான். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று நான்கு பக்கமும் குன்று; பகல் முழுக்கக் காய்ந்த பாறை இரவிலும் அனல் விடுகிறது. களையெடுப்பு, கவாத்து, உரம் எதைத் தள்ளிப்போட்டாலும் செடி பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரும் வழி தப்பினால் கத்திரி வெயிலுக்கு முன்பே பாத்தி காலியாகிவிடும். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எப்படி ஊற்றுகிறோம் என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன.

ஓஸ் பைப்

செலவு குறைவு, எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதிகமாகத் தண்ணீர் வீணாவதும் இதில்தான். அரை இஞ்ச் பைப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர் வரும். ஒரு பக்கெட்டை நிரப்பி நேரம் பார்த்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கிடைத்துவிடும். இரண்டு வயது எலுமிச்சைக்கு 3 அடி அகல வட்டப்பாத்தி கட்டியிருந்தால், 10 விநாடி பீய்ச்சுவது 2 லிட்டர்தான். பாத்தி முழுக்கப் பரவினால் 3 மில்லிமீட்டர். மேல்மண் கறுத்து நனைந்த மாதிரி தெரியும். விரலை விட்டுப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்குக் கீழே புழுதி. தினமும் இப்படி நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடி மேலே வரும், மேல்மண் சூட்டில் கருகும். அதே பாத்தியில் 20 லிட்டர், அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டால் செம்மண்ணில் அரை அடிக்கு மேல் ஈரம் இறங்கும். பிறகு மூன்று நாள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

வெயிலில் கிடக்கும் 20 மீட்டர் பைப்புக்குள் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் தேங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும். மாலையில் குழாயைத் திறந்ததும் அதை நேராக நாற்றின் தலையில் விடக்கூடாது. பக்கெட்டில் பிடித்து ஆறவிட்டு ஊற்றலாம். காலை 6 முதல் 7.30 மணிக்குள் வேலையை முடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சொட்டுநீர்

மாடியில் 20 செடிப்பைக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். பைகளின் வரிசையோடு ஓடும் 16 மி.மீ. லேட்டரல் குழாய், பைக்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பர் (சொட்டுவிடும் முனை), தொடக்கத்தில் ஒரு கேட் வால்வு, ஒரு வலை ஃபில்டர், கடைசியில் ஓர் எண்டு கேப். சாமான் இவ்வளவே. ஏமாற்றம் எங்கே வருகிறதென்றால், டிரிப்பரில் எழுதியிருக்கும் 4 லிட்டர் என்பது மணிக்கு, அதுவும் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தில். மாடிப் பைகளைவிட டேங்கின் நீர்மட்டம் 3 மீட்டர் மட்டுமே உயரமாக இருந்தால் மணிக்கு 2.2 லிட்டர் அளவில்தான் சொட்டும். 12 அங்குலப் பையில் காய்க்கும் தக்காளிக்குச் சித்திரையில் நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வேண்டும். ஆகவே அரை மணி நேரம் திறந்து மூடினால் அரைப் பட்டினி. காலையில் முக்கால் மணி, மாலையில் அரை மணி என்று பிரித்துவிடுவது நல்லது.

குழாய் போட்ட அன்றே முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் கீழே சொம்பு வைத்து 15 நிமிடம் பிடித்துப் பாருங்கள். மேலே சொன்ன உயரத்தில் அரை லிட்டருக்குச் சற்று மேலே வர வேண்டும். கடைசிச் சொம்பில் முதலாவதில் முக்கால் பங்குகூட இல்லையென்றால் வரிசையை இரண்டாகப் பிரித்து, தனித்தனி வால்வு போடுவதைத் தவிர வேறு வழியில்லை. டிரிப்பரைக் கழற்றித் துளையைப் பெரிதாக்குவது பக்கத்துப் பைகளின் தண்ணீரைத் திருடுவதாகும்.

அடுத்த பகை உப்பு. சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். மேக்னசைட் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கரடு இருக்கும் ஊர் இது. டிரிப்பர் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவலாம். ஊசியால் குத்தினால் உள்பாதை கெட்டுப்போகும். எண்டு கேப்பை வாரம் ஒரு முறை திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட வேண்டும், ஃபில்டர் வலையையும் அன்றே அலச வேண்டும். கோடையில் தாகத்துக்கு அணில் குழாயைக் கடிக்கும். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் அதற்கும் நல்லது, குழாய்க்கும் நல்லது.

கோகோ பீட் (தென்னை நார்த்தூள்) கலந்த பை ஒரு நாள் முழுக்கக் காய்ந்தால் மண்கட்டி சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். அப்போது சொட்டுநீரானாலும் பூவாளியானாலும் தண்ணீர் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். ஓரத்தை விரலால் அழுத்தி மூடி, அரை லிட்டர் ஊற்றி, 10 நிமிடம் கழித்து மீதியை ஊற்றினால் கட்டி மறுபடி ஈரம் பிடிக்கும்.

பானை

தரையில் பாகல், பீர்க்கன், சுரை, பூசணி வைத்திருப்பவர்களுக்குப் பானையை மிஞ்சியது கிடையாது என்றே சொல்வோம். 5 லிட்டர் மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றிலும் அரை அடி முதல் ஓர் அடிக்குள் நான்கு செடி. மண் காயக் காயப் பானை கசியும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். அளவு பார்க்க ஆள் தேவையில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும், மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு.

எல்லாப் பானையும் இதற்கு ஆகாது. பெயின்ட் அடித்ததும் மெருகு போட்டதும் கசியாது. வாங்கியதும் நிரப்பி ஓர் இரவு வையுங்கள்: காலையில் வெளிச்சுவர் சில்லென்று ஈரமாக இருந்தால் சரி, கீழே குட்டை கட்டினால் விரிசல். போர் தண்ணீரை ஊற்றினால் நுண்துளைகள் உப்பால் அடைபடும். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் பானையை நிரப்பி, போர் தண்ணீரை ஓஸ் வழியே மரங்களுக்கு விடுவது இந்த ஊருக்குப் பொருந்தும் பங்கீடு. வாயை ஓட்டால் இறுக மூடாவிட்டால் கொசுப்புழு நிச்சயம். நெருக்கமாக விதைக்கும் கீரைப்பாத்திக்குப் பானை உதவாது, பூவாளிதான்.

மூடாக்கு

எந்த முறையானாலும் மண்ணைத் திறந்து போட்டால் பாதி வீண். தென்னை உரிமட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குவது மரங்களுக்கு நல்லது, வருடக்கணக்கில் நிற்கும். கரும்புச் சோகையும் சருகும் காய்கறிக்கு ஏற்றவை. இரண்டு மூன்று அங்குலக் கனம் வேண்டும். செம்மண்ணில் இவற்றுக்குக் கரையான் வரும். வாரம் ஒரு முறை புரட்டிவிட்டு, தண்டைச் சுற்றி மூன்று அங்குலம் விட்டே போட வேண்டும், இல்லையென்றால் தண்டும் அழுகும். கழுவாத தென்னை நார்க்கழிவை வேர்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், உப்பு அதிகம். மண்ணை நன்றாக நனைத்த பிறகுதான் மூடாக்கு. காய்ந்த மண்மேல் போட்டால் கோடைத் தூறல் முழுவதையும் சருகே குடித்துவிடும்.

நிழல்வலையா, கீற்றா?

கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத வலை, அதாவது பாதி வெயிலை மறைப்பது; காய்க்கும் செடிக்கு 35 போதும். 75 சதவீதம் போட்டால் செடி வெளிச்சம் தேடி நீண்டு ஒல்லியாகும். தக்காளி 35 டிகிரிக்கு மேல் பூ உதிர்ப்பதை எந்த வலையும் முழுக்கத் தடுக்காது. சித்திரை, வைகாசிக்கு வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் வைப்பவருக்கு மனவருத்தம் குறைவு. முழுக்கூரை போட வசதியில்லையென்றால் மேற்குப் பக்கம் மட்டும் முடையாத தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டினாலே பிற்பகல் வெயில் நின்றுவிடும். கோடை மழையோடு வரும் சூறைக்காற்று இறுகக் கட்டிய வலையைக் கிழிக்கும். மூலைகளில் கம்பிக்குப் பதில் சணல் கட்டினால் கயிறுதான் அறும், வலை தப்பும்.

மேலே ஏற்காட்டில்

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் கணக்கே வேறு. வெயில் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் நிழல்வலை வேண்டாம், ஓஸ் பைப்பே போதும். காபி பூப்பதற்கு வரும் மழை பெய்துவிட்டால் இரண்டு மூன்று நாள் பைப்பைத் தொட வேண்டியதில்லை. சில்வர் ஓக் சருகு இலவச மூடாக்கு. ஆனால் ஓர் அங்குலத்துக்கு மேல் போட்டால் அடியில் நத்தை குடியேறும். மாலையில் ஈரச் சாக்கு ஒன்றைப் பாத்தி ஓரத்தில் விரித்துவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் தூக்கிப் பாருங்கள். நத்தைகள் அதன் அடியில்தான் ஒட்டியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம். உப்பைப் பாத்தியில் மட்டும் தூவாதீர்கள்.