சேற்றில் ஓட்டிப் பார்த்த பிறகு: காட்டிக் சொலாரிஸ்மேக்ஸ்

காட்டிக் சொலாரிஸ்மேக்ஸ் என்ற மவுண்டன் பைக்கில் பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது, இந்த வகையை ஹார்ட்டெயில் என்பார்கள். ஃபிரேம் ஸ்டீல். கியர் கேபிள் உள்ளே ஒளிந்துகொள்ளாமல் ஃபிரேமை ஒட்டி வெளியிலேயே ஓடுகிறது. ஷோரூமில் நாலு சைக்கிளுக்கு நடுவே நிறுத்தினால் இதுதான் பழைய மாடல் என்று நினைப்பீர்கள். ஆனாலும் பிரிட்டனில் வருஷம் முழுக்க, மழை, பனி, ஜனவரிச் சகதி எல்லாம் சேர்த்து மலைப் பாதையில் ஓட்டுகிறவர் ஒரே ஒரு சைக்கிள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் கைகாட்டுவது இதைத்தான்.

எங்கள் கூட்டத்தில் இதை ஒத்துக்கொள்கிறவர்கள் கம்மி. லண்டனுக்குத் தெற்கே சர்ரே மலைப் பக்கம் போனால் பீஸ்லேக் கிராமத்துக் கடை வாசலில் சீஸ் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே இந்தச் சண்டை தொடங்கிவிடும். (அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சீஸ் ஸ்ட்ரா கோயில் பிரசாதத்துக்குக் கொஞ்சம்தான் கீழே.) "மச்சான், நாற்பது தாண்டின முதுகுக்கு ஹார்ட்டெயில் எதுக்கு? ஒழுங்கா ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கு" என்பார் ஒரு நண்பர், அதாவது பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். அவரிடம் முன்னும் பின்னும் 150 மி.மீ. அமுங்குகிற கார்பன் சைக்கிள் இருக்கிறது. நல்ல சைக்கிள்தான், நானே கடன் வாங்கி ஓட்டியிருக்கிறேன். ஆனால் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பதிலிருந்து பேச்சை ஆரம்பித்தாலே இந்த ஊருக்கான விடை கிடைக்காது என்பது என் கட்சி.

இந்த ஊர் மலை எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். சர்ரேயில் பெரிய மலையான லீத் ஹில்லே 294 மீட்டர்தான். ஆல்ப்ஸ் மாதிரி கேபிள் காரில் ஏறி நெடுக இறங்குகிற கதை இங்கே கிடையாது, ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் மாதிரி ஓரிரண்டு இடங்கள் விதிவிலக்கு. மற்றபடி நூறு மீட்டர் ஏறு, நூறு மீட்டர் இறங்கு, கேட்டைத் திற, மறுபடி ஏறு. மதியத்துக்குள் கால் கழன்றுவிடும். ஒவ்வொரு ஏற்றத்திலும் உங்கள் மிதிக்கு உடனே பதில் சொல்கிற சைக்கிள் வேண்டும். பின்னால் ஷாக், அதாவது அமுங்குகிற சஸ்பென்ஷன் பாகம், இல்லாததால் இது அதைச் செய்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பலம் எங்கேயும் அமுங்கி வீணாகாமல் சக்கரத்துக்குப் போகிறது.

அப்புறம் மண். இதைப் பற்றி விளம்பரங்களில் யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்த நாட்டில் சைக்கிளைத் தீர்மானிப்பதே மண்தான். ஹோம்பரி, பிட்ச் ஹில் பக்கம் பச்சைமணல் கல், தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், அதனால்தான் குளிர்காலத்திலும் அங்கே கூட்டம். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நார்த் டவுன்ஸுக்குப் போனால் சுண்ணாம்புப் பாறையும் அதன் மேல் களிமண்ணும். களிமண் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) டயருக்கும் நடுவே அடைந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதையில், வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், வெயில் காலத்தில் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிற அதே சுண்ணாம்புப் பாறை ஒரு மழை பெய்ததும் வழுக்க ஆரம்பித்துவிடும், அதில் பதிந்திருக்கிற சிக்கிமுக்கிக் கல்லோ டயரின் பக்கச்சுவரைக் கத்தி மாதிரி கிழிக்கும். இங்கிலாந்தின் நடுவே பீக் டிஸ்ட்ரிக்டில் கிரிட்ஸ்டோன் என்ற சொரசொரப்பான மணற்கல். பெயரிலேயே இருக்கிறது, கிரிட் என்றால் பொடிக் கல், அரைத்துத் தள்ளும். மழை நாளில் அந்த மணல் தண்ணீரோடு கலந்து செயின், பிரேக் பேட், பேரிங் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துகொள்ளும். மென்மையான ஆர்கானிக் பேடைப் போட்டுக்கொண்டு போனால் ஒரே நாளில் இரும்புத் தகடு வரை தேய்ந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் குளிர்காலத்துக்குச் சின்டர்ட் பேட் (உலோகத் தூளை இறுக்கிச் செய்தது), கொஞ்சம் கத்தும், பரவாயில்லை.

இதில் ஃபுல் சஸ்பென்ஷன் என்ன ஆகிறது? பின்சக்கரத்தைப் பிடிக்கிற பின் முக்கோணம் அசைவதற்கு எட்டுப் பத்து பேரிங்காவது இருக்கும், எல்லாம் சின்னச் சின்னது, பாதி நேராகப் பின்சக்கரம் வாரியிறைக்கிற சேற்றின் வழியில். முன்பு என்னிடம் இருந்த ஃபுல் சஸ்பென்ஷன் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒரு குளிர்காலம் முடிந்ததும் ஏதோ கனமாக இருக்கிறதே என்று ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைக் கையால் தூக்கிப் பார்த்தேன். தானாகக் கீழே விழ வேண்டியது, தூக்கிய இடத்திலேயே நின்றது. அசைகிற இணைப்பான லிங்க்கைப் பிரித்தால் கீழ்ப் பேரிங்கின் மூடிக்குள் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் துருக் குழம்பு. விரலை விட்டுச் சுற்றினால் சுற்றவே இல்லை, அழுத்திச் சுற்றினால் மிளகு அரைபடுகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். புதுப் பேரிங், அதை உள்ளே அழுத்துகிற கருவி, அதுவும் போதாமல் கடைக்காரர் கூலி. அந்தக் காசுக்கு நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கியிருக்கலாம்.

சொலாரிஸ்மேக்ஸில் அந்தத் தொல்லையே கிடையாது. பெடல் அச்சு சுற்றுகிற பாட்டம் பிராக்கெட் மரையிட்டது, அழுத்திச் சொருகுகிற வகை இல்லை, அதனால் சேறு புகுந்து கிறீச்சிட ஆரம்பித்தால் வீட்டிலேயே ஒரு ஸ்பேனரை வைத்துக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டிவிடலாம். கேபிள் வெளியே இருப்பதால் அறுந்தால் மாற்றப் பத்து நிமிஷம். இப்போது வருகிற சில சைக்கிள்களில் கேபிள் ஹெட்செட் வழியாக, அதாவது ஹேண்டில் திரும்புகிற மூட்டு வழியாகப் புகுந்து போகிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சரி, ஆனால் ஹெட்செட்டின் மேல் பேரிங்கை மாற்ற பிரேக்கின் எண்ணெய்க் குழாயையே கழற்ற வேண்டியிருக்கும். மழை நாட்டில் இதை யோசித்தவர் எந்தத் தைரியத்தில் யோசித்தார் என்று தெரியவில்லை.

காட்டிக் பீக் டிஸ்ட்ரிக்ட் கம்பெனி. சை டர்னர் என்கிற பொறியாளர் 2003-இல் ஆரம்பித்தது. அலுவலகத்தை விட்டு வெளியே வந்தாலே அந்த கிரிட்ஸ்டோன்தான், அது சைக்கிளில் தெரிகிறது. ஃபிரேமின் முக்கியக் குழாய் ரெனால்ட்ஸ் 853. ரெனால்ட்ஸ் பர்மிங்காம் கம்பெனி, சைக்கிள் குழாய் விஷயத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள். 1935-இல் அவர்கள் கொண்டுவந்த 531 குழாயைப் பழைய ஆட்கள் இன்னும் மரியாதையோடு சொல்வார்கள். 853-இன் விசேஷம், வெல்டிங் சூட்டில் சாதாரண ஸ்டீல் பலவீனமாகும் இடத்தில் இது காற்றில் ஆறும்போது இறுகிப் பலமாகும். அதனால் குழாயை மெல்லியதாக இழுக்க முடிகிறது, மெல்லிய குழாய் கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது. ஸ்டீல் என்றால் மெத்தை மாதிரி இருக்கும் என்று சிலர் அளப்பார்கள், நம்பாதீர்கள். அதிர்வின் கூர்மை மழுங்குகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் இறங்கினால் பள்ளம் பள்ளம்தான்.

ஓட்டம் எப்படி? 29 அங்குலச் சக்கரம், முன்னால் 120 முதல் 140 மி.மீ. வரை ஃபோர்க் போடலாம். நீளமான ஃபிரேம், ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் குட்டை, சாய்ந்த முன்பக்கம். முதல் தடவை உட்காரும்போது முன்சக்கரம் எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி தோன்றும். ஈர வேர்கள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கிற இறக்கத்தில் அந்த நீளத்தின் அருமை புரியும். முன்சக்கரம் வழுக்கினாலும் சைக்கிள் பதறுவதில்லை, உடம்பு நடுவிலேயே நிற்கிறது, இரண்டடி தள்ளி மறுபடி பிடிப்புக் கிடைத்துவிடுகிறது. பின்சக்கரம் மட்டும் வேர்களில் தட்டித் தட்டித் துள்ளும், அதற்கு முழங்கால்தான் ஷாக். அந்த வேலையைக் கால் கற்றுக்கொள்ள ஒரு பருவம் பிடிக்கும்.

எங்கே தோற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் கரடுமுரடான பாறைப் படிகளில் நண்பருடைய கார்பன் சைக்கிள் முன்னால் மிதந்து போகும், நான் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். மெர்தர் டிட்ஃபிலில் 2013-இல் திறந்த பைக்பார்க் வேல்ஸ் மாதிரி, வேன் மேலே கொண்டுபோய் விடுகிற இடத்தில் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருப்பதாக இருந்தால் ஹார்ட்டெயிலில் மாலைக்குள் உள்ளங்கால் எரியும். வாரம் தவறாமல் அங்கேதான் போவேன் என்பவர்கள் இந்த விமர்சனத்தை இத்தோடு விட்டுவிட்டு ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

அப்படி வாங்குவதானாலும் மூட்டு கம்மியாக இருக்கிற வடிவமாகப் பாருங்கள். ஹாலிஃபாக்ஸில் உருவான ஆரஞ்ச் சைக்கிள்களுக்கு இங்கே இத்தனை ரசிகர்கள் இருக்கக் காரணமே அதுதான். அவர்களுடைய ஃபைவ் மாடலில் அலுமினியத் தகட்டை மடித்து வெல்டிங் செய்த ஸ்விங்கார்ம் (பின்சக்கரத்தைப் பிடித்து அசைகிற கை), ஒரே ஒரு மூட்டு. ஃபைல் வைக்கிற இரும்பு பீரோ என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்கிறவர்கள் பேரிங் மாற்றிக்கொண்டிருக்கும்போது பீரோ மலையில் இருக்கும்.

சேறுதான் முதல் எதிரி என்பது இந்த நாட்டில் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கலிஃபோர்னியாவில் காய்ந்த மலைச்சரிவில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை உருட்டிவிட்டு மவுண்டன் பைக் பிறந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் ஜெஃப் ஆப்ஸ் என்பவர் தனியாக உட்கார்ந்து சேற்றுக்கென்றே ஒரு சைக்கிளை வரைந்துகொண்டிருந்தார். 1980-களின் தொடக்கத்தில் கிளீலாண்ட் என்ற பெயரில் கொஞ்சம் விற்கவும் செய்தார். ஃபின்லாந்தின் நோக்கியன் பனி டயர், சக்கர நடுவில் மூடியிருப்பதால் சேறு பட்டாலும் பிடிக்கிற ஹப் பிரேக், நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, மட்கார்டு. அந்த டயர்களில் சிலவற்றை கலிஃபோர்னியாவில் மவுண்டன் பைக் முன்னோடிகளான கேரி ஃபிஷருக்கும் சார்லி கெல்லிக்கும்கூட அனுப்பிவைத்தார். வியாபாரம் நிலைக்கவில்லை, உலகம் கலிஃபோர்னியா சைக்கிளின் பின்னால் போனது. காய்ந்த மண்ணுக்கு யோசித்ததை ஈர மண்ணில் ஓட்டிக்கொண்டு நாம் இன்னமும் பேரிங் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம் வழியில் வருகிற கேட்டுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் வருஷச் சட்டம் சைக்கிளைக் குதிரைப் பாதையில், அதாவது பிரிடில்வேயில், அனுமதிக்கிறது. நடைபாதையில் அந்த உரிமை கிடையாது. ஸ்காட்லாந்தில் 2003 சட்டத்துக்குப் பிறகு பொறுப்போடு ஓட்டினால் கிட்டத்தட்ட எங்கேயும் போகலாம், கொடுத்துவைத்தவர்கள். பிரிடில்வே என்றால் குதிரைக் குளம்பு குழி குழியாகத் தோண்டிய சேறு, ஆட்டுப் பட்டிக்குப் பட்டி ஒரு கேட், சில இடத்தில் பூட்டிக் கிடக்கிற கேட். அங்கே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். இது கார்பன் மாதிரி லேசு இல்லைதான், ஆனால் தோளில் போட முடிகிற கனம். மோட்டார் வைத்த ஈ-பைக்கில் இருபது கிலோவைத் தாண்டியதைத் தூக்கிப் பாருங்கள், அந்த ஏற்றத்தில் மிச்சப்படுத்திய மூச்செல்லாம் கேட்டில் போய்விடும்.

சரி, காசை எங்கே போடுவது? பின் ஷாக்கில் மிச்சமானதை முதலில் முன் டயரில் போடுங்கள். ஷ்வால்பே மேஜிக் மேரி மாதிரி ரப்பர் கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கிற டயர், மென்மையான ரப்பர் வகையில். ட்யூப்லெஸ் கட்டாயம், சிக்கிமுக்கிக் கல் ஊருக்குப் போகிறவர் தடித்த பக்கச்சுவர் உள்ளதாக எடுங்கள். அடுத்தது பிரேக். பார்னால்ட்ஸ்விக்கில் ஹோப் கம்பெனி செய்கிற பிரேக் விலை அதிகம், ஆனால் உதிரி பாகம் தனித்தனியாகக் கிடைக்கும், ஒரு சீல் போனால் மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டாம். ஓட்டும்போதே சீட்டைத் தாழ்த்த உதவும் டிராப்பர் போஸ்ட் இல்லாமல் யாரும் வாங்குவதில்லை இப்போது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முன்னாலும் பின்னாலும் பெரிய மட்கார்டு போடுங்கள். அசிங்கமாக இருக்கும், ஃபோட்டோ எடுக்கும்போது கழற்றிக்கொள்ளலாம்.

கார்பன் ஹார்ட்டெயிலே வாங்கலாமே, இன்னும் லேசாக இருக்குமே என்று கேட்பார்கள். ரேஸ் ஓட்டுகிறவர் வாங்கட்டும். சேறு ஒட்டிய டயர் செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகிற கீழ்க் குழாய்) மணல் தாளாக உரசுகிற ஊரில், ஸ்டீலில் பெயிண்ட் போகும், தொட்டு பெயிண்ட் அடித்துவிட்டு மறந்துவிடலாம். கார்பனில் அந்தத் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

வாங்குகிற எண்ணம் இருந்தால் ஜூனில் ஓட்டிப் பார்க்காதீர்கள், காய்ந்த பாதையில் எல்லா சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். நவம்பருக்கு மேல், முந்தின நாள் மழை பெய்த காலையில், உங்கள் சொந்தப் பெடலை மாட்டிக்கொண்டு நீங்கள் வழக்கமாகப் போகிற பாதையிலேயே ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் செயின்ஸ்டேக்கும் பின் டயருக்கும் நடுவே விரல் போகிற இடம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். உயரம் இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்தால் சின்னதை எடுங்கள், இந்த ஃபிரேம்கள் ஏற்கெனவே நீளம்.