யேமன் உள்நாட்டுப் போர்ச் சுவர்ப்படத் தொகுதி: 1,850 ரூபாவுக்கு வாங்கலாமா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரப் புத்தகக்கடை ஒன்றில், உயர்தர வரலாறும் அரசியல் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவர்களுக்காக இந்தத் தொகுதி விற்பனைக்கு வந்திருக்கிறது. லமினேற் செய்த மூன்றடிச் சுவர்ப்படம் ஒன்று, அதன்மேல் விரிக்க நான்கு கண்ணாடித் தாள்கள் (1962, 1963, 1965, 1967), 36 நிகழ்ச்சி அட்டைகள். வட யேமனில் இமாமின் (அந்நாட்டை ஆண்ட மதத்தலைவர்) முடியாட்சித் தரப்பும் குடியரசுத் தரப்பும் 1962 முதல் 1970 வரை பொருதிய போர்தான் விடயம்.

காசுக்குப் பெறுமதி அடிப்படத்தில் இருக்கிறது. கரையோரத் திஹாமா சமவெளி, அதற்குப் பின்னால் செங்குத்தாக எழும் மலை, மேலே தலைநகர் சனா, கிழக்கே மாரிப். ஹுதைதா துறைமுகத்திலிருந்து சனாவுக்குச் சீனர்கள் போட்டுக் கொடுத்த வீதியைத் தடித்த கோட்டில் போட்டிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. குடியரசுக்குத் துணைவந்த எகிப்தியப் படையின் தளபாடம் ஹுதைதாவில் இறங்கி அந்த வழியால்தான் மலையேறியது. முடியாட்சித் தரப்புக்கு ஆயுதமும் பணமும் வடக்கே சவூதியின் நஜ்ரான், ஜிஸான் பக்கமாக வந்தன. எகிப்திய ஜனாதிபதி நாசர் 70,000 வரை சிப்பாய்களை அனுப்பியும் மலைகள் ஏன் வசப்படவில்லை என்பது, பாதைகளை விரலால் தொடர்ந்தாலே பிடிபடும். பாதை அடைபட்டால் என்ன நடக்கும் என்று வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

நிறக்குறிப்புத்தான் பெரிய பிழை. ஸைதிகள் (ஷியா பிரிவினர்) எல்லாரும் இமாமின் பக்கம், ஷாபிஈகள் (சுன்னி பிரிவினர்) எல்லாரும் குடியரசின் பக்கம் என்று பச்சையும் சிவப்புமாகப் பிரித்திருக்கிறார்கள். இமாமைக் கவிழ்த்த 1962 செப்டெம்பர் 26 புரட்சியின் தலைவர் அப்துல்லா அல்-சல்லாலே ஸைதிதான். ஹாஷித் குலத் தலைவர் அப்துல்லா அல்-அஹ்மரும் ஸைதி. தகப்பனையும் தமையனையும் முந்திய இமாம் அஹ்மத் கொல்வித்ததால் குடியரசோடு நின்றவர். சுன்னி சவூதி ஸைதி இமாமைத் தாங்கியதற்குக் காரணம், பக்கத்து நாட்டில் முடி சரிந்தால் தன் முடியும் ஆடும் என்ற பயம். இதை அப்படியே தொங்கவிட்டால் பிள்ளைகள் மதப்போர் என்று எழுதிவிட்டு வருவார்கள். நிறக்குறிப்பின் மேல் வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டி, குலங்களை வெண்பலகைப் பேனையால் குறியுங்கள். காசுக்கும் துவக்குக்கும் பக்கம் மாறிய குலங்கள் பல. தாள் மாற்றும்போது அழித்துத் திருத்தலாம்.

வெளிநாட்டு அட்டைகள் தரமானவை. தன் ஆட்சியிலிருந்த தெற்குத் துறைமுகம் ஏடனைக் காக்க பிரித்தானியா முடியாட்சித் தரப்புக்குச் செய்த மறைமுக உதவி, அதே தரப்புக்கு இஸ்ரேல் இரகசியமாக வானிலிருந்து போட்ட ஆயுதம், 1962 டிசெம்பரில் அமெரிக்கா குடியரசை அங்கீகரித்தது, இமாமை ஆதரித்த ஜோர்தான் 1964இல் மாறியது எல்லாம் உண்டு. 1963இல் வந்த ஐ.நா. குழுவை மட்டும் 'அமைதிப்படை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது கண்காணிப்புக் குழு, அப்படியே திருத்தி எழுதுங்கள். 40 நிமிடப் பாடத்துக்குப் பத்து அட்டைக்கு மேல் எடுத்தால் இழுபடும். புரட்சியில் கவிழ்க்கப்பட்ட இமாம் பத்ர் இறந்ததாகப் பரவிய செய்தியை முதலில் வைத்து, அவர் வடக்கே தப்பிய அட்டையைப் பிறகு திருப்பினால் வகுப்பு உசாராகும்.

1967 தாளோடு நிறுத்தியது மன்னிக்க முடியாத குறை. அந்த ஆண்டு ஜூனில் இஸ்ரேலுடனான போரில் தோற்ற எகிப்து, கார்ட்டூம் அரபு மாநாட்டுக்குப் பிறகு படையை எடுத்தது. நவம்பர் 5இல் குடியரசின் ஜனாதிபதி சல்லால் கவிழ்க்கப்பட்டார். அம்மாத இறுதியில் முடியாட்சித் தரப்பு தொடங்கிய சனா முற்றுகை எழுபது நாள் நீண்டது. சோவியத் உதவி விமானத்தில் வந்தாலும், காவல் நின்றது குடியரசின் சொந்த ஆட்கள். 1968 பெப்ரவரியில் ஹுதைதா வீதி திறந்ததோடு முற்றுகை உடைந்தது. எகிப்து போன பிறகும் குடியரசு நின்றதை இந்தப் படத்திலிருந்து எந்த மாணவரும் அறியமாட்டார். ஒரு வெறும் கண்ணாடித் தாள் வாங்கி, சனாவைச் சுற்றி வளையமும் வீதியில் வெட்டும் போட்டு ஐந்தாவதாகச் சேருங்கள். ஓரத்தில் 1970இல் சவூதி குடியரசை அங்கீகரித்ததையும் எழுதுங்கள்.

தாள்களில் பொருத்துக்குறி இல்லாததால் போர்முனை மலையை விட்டு நழுவும். சனாவிலும் ஹுதைதாவிலும் அழியாத பேனையால் புள்ளி வைத்து, இரண்டையும் ஒத்துப் பார்த்தே கிளிப் போடுங்கள். தகரக் கூரை வகுப்பில் லமினேற் ஓரம் சுருளும். மேலும் கீழும் மரச்சட்டம் அடித்தால் நிற்கும். கடையில் மடித்துத் தந்தால் வாங்கவேண்டாம், மடிப்பு நேரே சனாவின் மேல் விழுகிறது. சுருட்டித் தரக் கேளுங்கள்.