மோ பெர்க் கார்டு வாங்கப் போய் 650 டாலரைக் கோட்டை விட்ட கதை

பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சின்ன அட்டை) சேர்க்கிறவர்கள், சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வருடம் ஏமாந்தேன். வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்ததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஆறு வருடமாக இந்தப் பைத்தியம் உண்டு. பெரிய விலைக் கார்டுகள் பக்கமே போக மாட்டேன். மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரருக்கு டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அதெல்லாம் செய்தியில் படிப்பதோடு சரி. எனக்குப் பிடித்தது, ஆட்டத்தில் சுமாராக இருந்தாலும் வாழ்க்கையில் ஏதாவது விசித்திரம் செய்துவிட்டுப் போன ஆட்களின் கார்டுகள்.

அந்த வரிசையில் முதல் ஆள் மோ பெர்க். நியூவர்க்கில் வளர்ந்தவர், அதாவது எங்கள் பக்கத்து ஊர்க்காரர். பிரின்ஸ்டனில் படித்தார், அங்கே கற்ற மொழிகளில் சமஸ்கிருதமும் ஒன்று. அப்புறம் கொலம்பியாவில் சட்டம். இத்தனை படிப்பையும் வைத்துக்கொண்டு 15 சீசன் பேஸ்பாலின் பெரிய லீக்கில் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிறவராக, காலம் தள்ளினார். பேட்டிங் சராசரி .243, மொத்த ஹோம் ரன் ஆறே ஆறு. "ஏழு மொழி பேசுவான், ஒன்றிலும் அடிக்கத் தெரியாது" என்று கேலி செய்வார்களாம். 1934இல் பேப் ரூத், லூ கெரிக் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லாம் இருந்த அணியோடு ஜப்பான் போனார். டோக்கியோவில் ஒரு மருத்துவமனையில் பிரசவித்திருந்த அமெரிக்கத் தூதரின் மகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, அவரைப் பார்க்காமலேயே மொட்டை மாடிக்கு ஏறி நகரத்தைப் படம் பிடித்தார். போரின்போது அமெரிக்க உளவுத்துறையில் சேர்ந்தார். 1944 டிசம்பரில் சூரிச்சில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பெர்க் பேசிய கூட்டத்தில் பையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் சுட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. பேச்சைக் கேட்டுவிட்டு, தேவையில்லை என்று முடிவு செய்து எழுந்து வந்துவிட்டார். போருக்குப் பிறகு அரசு கொடுத்த பதக்கத்தையும் வேண்டாம் என்றார். இப்படிப்பட்ட மனிதரின் கார்டு கையில் இருந்தால் எப்படி இருக்கும்!

அவருடைய 1933 கௌடி கார்டு, எண் 158. பாஸ்டனைச் சேர்ந்த கௌடி சூயிங்கம் கம்பெனி, ஒரு சென்ட் பாக்கெட்டில் கம்முடன் வைத்துக் கொடுத்த 240 கார்டு வரிசையில் ஒன்று. இதைத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டல் ஹால் ஒன்றில் நடந்த கார்டு கண்காட்சிக்குப் போனேன். ஓரத்து மேசையில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், பேச்சில் தேன் ஒழுகும். கண்ணாடிப் பெட்டிக்குள் பெர்க். கிரேடிங் செய்யாத கார்டு, அதாவது அசல்தானா என்று ஒரு கம்பெனி பார்த்து, மதிப்பெண் போட்டு, சான்று எண்ணோடு பெட்டியில் அடைக்காதது, மெல்லிய பிளாஸ்டிக் உறையில். நான் பெர்க்கின் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்தது. இப்போது யோசித்தால், எவ்வளவு கேட்கலாம் என்பதை அவருக்கு நானேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் சொன்ன கதை இது. அவருடைய அப்பா 1933 கோடையில் சின்னப் பையனாக இருந்தபோது மூலைக் கடையில் கம் வாங்கி வாங்கிச் சேர்த்தாராம். செருப்புப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தாராம். போன மாதம்தான் எடுத்தார்களாம். "இதே பெட்டியில் நாப் லாஜோய் கார்டும் இருக்கிறது, அதுவும் அந்தக் கோடையில் பாக்கெட்டில் வந்ததுதான், அடுத்த தடவை கொண்டு வருகிறேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் திரும்பி வந்திருக்க வேண்டும். லாஜோய் கதை எனக்கு நன்றாகவே தெரியும். அவருடைய கார்டான எண் 106ஐ 1933இல் கௌடி போடவே இல்லை. வரிசையில் ஒரு எண் குறைகிறதே என்று பையன்கள் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள், கிடைக்கவே கிடைக்காது. கடைசியில் ஏன் இல்லை என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934இல் அந்தக் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு கிளிப் மாட்டி அனுப்பியதால் இன்றைக்குக் கிடைக்கும் பல லாஜோய் கார்டுகளில் அந்தக் கிளிப்பின் தடம்கூட இருக்கிறது. ஆக, 1933 கோடையில் பாக்கெட்டில் லாஜோய் வந்தது என்று ஒருவர் சொன்னால் அது சுத்தப் பொய். நண்பர்களிடம் நானே பத்து தடவை சொன்ன கதைதான், ஆனாலும் பெர்க் கண் முன்னால் இருந்ததால் காதில் ஏறவில்லை.

850 கேட்டார், 650க்கு இறங்கினார். ரொக்கம் அவ்வளவு இல்லை என்றேன். பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னார், கமிஷன் மிச்சமாம். எனக்கு அவர் நண்பரா, மாமாவா? அனுப்பினேன். அந்த வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க, டீத்தூள் வாசம் வருது?" என்றாள். தொண்ணூறு வருடப் பழைய அட்டை அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

கிரேடிங்குக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, அசல் இல்லை என்ற குறிப்போடு எந்த மதிப்பெண்ணும் இல்லாமல் திரும்பி வந்தது, கட்டிய கட்டணமும் போச்சு. அதற்கப்புறம்தான் புத்தி வந்து ஒரு புற ஊதா டார்ச் வாங்கினேன், பதினைந்து டாலருக்குள்தான். இருட்டில் அடித்தால், சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி அட்டை நீலமாகப் பளிச்சிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால்தான் காகிதத்தில் வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், புற ஊதாவில் மின்னுவது அதுதான். 1933 அட்டை மங்கலாகத்தான் இருக்க வேண்டும். நகைக்கடை லென்ஸ் வைத்துப் பார்த்தால், இடைவெளியில்லாமல் ஒரே மையாக இருக்க வேண்டிய எழுத்துகள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன, அசல் கார்டைப் படம் பிடித்து அச்சடித்ததன் அடையாளம். பின்பக்கம் கீழே ஒரு இடத்தில் மட்டும் அட்டை மெலிந்து நார் நாராக இருந்தது. மறுபதிப்பு என்று அச்சிட்டிருந்ததை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, டீ டிகாஷனில் முக்கிப் பழுப்பாக்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். மனைவியிடம் அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

பெரியவருக்குச் செய்தி அனுப்பினேன். முதலில், "நீங்கள் கையில் வாங்கிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று பதில் வந்தது. அப்புறம், கிரேடிங் கம்பெனிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார். மூன்றாவது செய்திக்குள் என்னை பிளாக் செய்துவிட்டார். கண்காட்சி நடத்தியவர்கள், மேசை வாடகைக்கு விடுவதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்றார்கள். எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவில் புகார் பதிந்து வைத்திருக்கிறேன், 650 டாலருக்கு யாரும் ஓடி வரப் போவதில்லை.

டார்ச் ஒன்று போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அசல் கார்டின் ஓரத்தைச் சீவி மூலைகளைக் கூர்மையாக்கியிருந்தால் டார்ச்சில் ஒன்றும் தெரியாது, அளவுகோல்தான் வேண்டும். கௌடி கார்டு 2 3/8 அங்குல அகலம், 2 7/8 உயரம். கிரேடிங் செய்த கார்டு என்றாலும் சான்று எண்ணை அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள், போலிப் பெட்டிகளும் நடமாடுகின்றன. ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருக்கு டி206 என்ற வரிசையில் வந்த, உலகத்திலேயே பேர் பெற்ற கார்டுக்கே 1991இல் பத்துக்கு 8 மதிப்பெண் கொடுத்தார்கள். அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்படியிருக்க, ஓட்டல் ஹாலில் ஓரத்து மேசை எம்மாத்திரம்.

அந்தப் பெரியவரை இன்னும் இரண்டு கண்காட்சிகளில் பார்த்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். அதே செருப்புப் பெட்டி, அதே அப்பா கதை. இந்தத் தடவை மேசையில் லாஜோய் இருந்ததாம். கிளிப் தடம் இருந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.