கெட்டி மெத்தையை நம்பிக் கெட்ட இடுப்பு

என் எடை 84 கிலோ. மனைவி 53 கிலோ. நான் ஒருக்களித்துப் படுப்பவன். அவர் மல்லாந்து படுத்தால் விடியும்வரை அசையமாட்டார். இந்த விவரங்களைச் சொல்லாமல் எழுதப்படும் மெத்தை மதிப்புரை எதையும் நான் இப்போது படிப்பதில்லை. இதைக் கற்றுக்கொள்வதற்குள் மதுரையில் எங்கள் வீட்டில் நான்கு மெத்தைகள் மாறிவிட்டன.

முதலாவது, கல்யாணத்துக்கு மாமனார் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சு போடியிலிருந்து வந்தது. ஒரு வருடம் சுகமாக இருந்தது. பிறகு இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, பஞ்சு நடுவில் வரப்பு போல எழும்பி நின்றது. வெயிலில் போட்டுக் கழியால் தட்டினால் மறுபடி உப்பும். அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு மொட்டைமாடி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. தட்டினால் கீழ்வீட்டுத் துணிகளில் தூசி விழுந்தது.

அப்போதுதான் எனக்கு இடுப்பு வலி தொடங்கியது. முதுகு வலிக்குக் கெட்டி மெத்தைதான் மருந்து என்று வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள், கடைக்காரரும் சொன்னார். “ஆர்த்தோபீடிக்” என்று அட்டை ஒட்டிய 5 அங்குலத் தேங்காய் நார் மெத்தை ஒன்றைக் காட்டினார். அந்தச் சொல்லுக்கு அவர் அகராதியில் “கெட்டியானது” என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. மல்லாந்து படுக்கும் மனைவிக்கு அது பொருந்திவிட்டது. எனக்கோ இரவு மூன்று மணிக்குக் கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடும். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பெலும்பும் அகலம், நடுவில் இருக்கும் இடை குறுகல். மெத்தை கொஞ்சமும் இறங்காவிட்டால் அந்த இரண்டு முட்டுகளில் உடம்பு நிற்கும். இடை தாங்கலின்றித் தொங்கும்.

நார்களை ரப்பர் பால் தெளித்துப் பிணைத்து அழுத்தித்தான் அந்த மெத்தையைச் செய்கிறார்கள். நான்காவது ஆண்டில் ரப்பர் காய்ந்து உதிரத் தொடங்கியது. மெத்தையைத் தூக்கினால் கட்டில் பலகையில் மூக்குப்பொடி போலப் பழுப்புத் தூள், அதுவும் என் இடுப்பு அழுந்தும் இடத்துக்கு நேர் கீழே.

வலிக்குச் சிகிச்சை அளித்த இயன்முறை மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு சாராருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நான் கெட்டி மெத்தை வாங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து!

மூன்றாவது, மெமரி ஃபோம். 100 நாள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் வாங்கினேன். தோள் வலி முதல் வாரமே போனது உண்மை. ஆனால் அந்த ஃபோம் உடம்புச் சூட்டில்தான் இளகும். குளிரூட்டிய அறையில் ஒரு மெத்தை, மே மாத மதுரையில் மின்சாரம் போன இரவில் வேறொரு மெத்தை. முதுகெல்லாம் வியர்த்து, புரண்டு படுக்கவே பள்ளத்திலிருந்து ஏறி வரவேண்டியிருந்தது. 41-ஆம் நாள் திருப்பி அனுப்பினேன். சுருட்டிய பாய் போல வந்த மெத்தை திரும்பப் போகும்போது சுருளவே இல்லை. மாடிப்படியில் இரண்டு பேர் அதோடு மல்லுக்கட்டினார்கள்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது, பெட்டிகளின் எடை பார்க்கும் கொக்கித் தராசையும் எடுத்துக்கொண்டேன். ஃபோமின் உயிர் அதன் அடர்த்தியில் இருக்கிறது. “40 டென்சிட்டி” என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ இருக்க வேண்டும். 75-க்கு 60 அங்குலம், உயரம் 6 அங்குலம் என்றால் கன அளவு ஏறக்குறைய 0.44 கன மீட்டர். மெத்தை 17 கிலோவுக்குக் குறையக் கூடாது. தராசு 12.5 காட்டியது. “மெத்தை வாங்க வந்தீர்களா, பழைய பேப்பர் எடுக்க வந்தீர்களா?” என்று கேட்டார் கடைக்காரர்.

வேறு கடையில், 2021 பிப்ரவரியில், 6 அங்குல இயற்கை லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த மெத்தை வாங்கினோம். விலை 34,000 ரூபாய், எடை 36 கிலோ. கூச்சப்படாமல் கால் மணி நேரம் என் வழக்கப்படி ஒருக்களித்துப் படுத்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று மனைவி பின்னாலிருந்து பார்த்தார். அவர் மல்லாந்து படுத்தபோது இடுப்பு வளைவுக்கு அடியில் நான் கையை நுழைத்துப் பார்த்தேன். கை தாராளமாகப் போனால் மெத்தை கெட்டி, நுழையவே மறுத்தால் இளக்கம்.

முதல் மூன்று வாரம் புதுச் செருப்புக் கடை வாசம் அடித்தது. கை மரத்துப்போவது நின்றுவிட்டது. இடுப்பு வலி நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு மட்டும் எட்டிப் பார்க்கிறது. தோள் இப்போது உள்ளே இறங்குவதால் பழைய தலையணை உயரமாகிவிட்டது. கழுத்து பிடித்துக்கொண்ட பிறகே அது உறைத்தது, மெலிந்த தலையணைக்கு மாறினேன். நான்கு ஆண்டு முடிந்ததும் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து ஸ்கேலால் அளந்தேன்: என் பக்கம் 8 மில்லிமீட்டர் பள்ளம், மனைவி பக்கம் 3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் சரிகிறது. இன்னொன்று, பழைய பழக்கத்தில் இதையும் வெயிலில் போடலாம் என்று இருவருமாகத் தூக்கிப் பாதிப் படி ஏறிய பிறகு, உறைக்குள் தைத்திருந்த துணிச்சீட்டு கண்ணில் பட்டது: வெயில் படக் கூடாது. படும் வெயிலில் ரப்பர் பொரிந்து உதிருமாம். அங்கேயே மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு மனைவி படியில் உட்கார்ந்தார். தன் அப்பா கொடுத்த மெத்தையை ஒற்றை ஆளாகத் தூக்கியதை அவர் சொல்லிக்காட்டி முடிக்கும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன்.