பால் கொடுக்கும் தாய்க்கு எது: மல்லித்தண்ணியா, வெந்தயமா, ஆவரசம்பூவா?

வன்னியில் பிள்ளை பெற்ற வீட்டு அடுப்பில் ஏதாவதொரு கேத்தல் கொதித்துக்கொண்டே இருக்கும். மல்லி, வெந்தயம், ஆவரசம்பூ, தேங்காய்ப்பூக்கீரை எல்லாவற்றையும் "மூலிகைதானே, ஒண்டும் செய்யாது" என்று ஒரே கணக்கில் போடுவதுதான் பிழை. முதல் இரண்டும் கறிக்குப் போடுகிற சரக்கு. மற்ற இரண்டும் மருந்து.

எங்கள் தெரிவு மல்லித்தண்ணி. 2 தேக்கரண்டி முழு மல்லியை வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, சுண்டுவிரல் நுனியளவு வேர்க்கொம்போடு 500 மி.லீ. நீரில் போட்டு 300 ஆக வற்றவிடுங்கள். நாளைக்கு இரண்டு கோப்பை போதும். மல்லி கருகினால் கசக்கும். வேர்க்கொம்பு கூடினால் தாய்க்கு நெஞ்செரிவு வரும்.

வெந்தயத்துக்குப் பால் கூட்டும் என்ற பெயர் பெரிது, ஆய்வுகளோ ஒன்றுபோலச் சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டியை இரவில் ஊறவைத்துக் காலையில் குடிப்பது சமையல் அளவு. அதைக் கைப்பிடியாக்கினால் தாய்க்கு வயிற்றோட்டம், பிள்ளைக்கு வயிற்றுப் பொருமல் வரலாம். வெந்தயம் குடிக்கும் நாட்களில் பிள்ளையின் சிறுநீரில் இனிப்பு வாசம் வந்தால், அது பெரும்பாலும் வெந்தயத்தின் வாசம். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்களும் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது. கச்சான், கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பால் கூடுவது பிள்ளை வாயை நன்றாகத் திறந்து பிடித்து, 24 மணிநேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பதால்தான்.

ஆவரசம்பூ பற்றைக்காட்டில் சும்மா கிடைக்கும், சூடு தணிக்கும் என்று வேண்டப்படும். ஆனால் ஈரலைப் பழுதாக்கும் பிரோலிசிடின் அல்கலோயிட்டுகள் அதில் உண்டென்று இலங்கை ஆய்வாளர்கள் 1981 இலேயே எழுதினார்கள். இவ்வகை நச்சு பாலுக்குள்ளும் போகக்கூடியது. பாலூட்டும் காலத்தில் விட்டுவிடுங்கள். தேங்காய்ப்பூக்கீரை சிறுநீரைப் பெருக்குவது, சிறுநீரகத்தில் கல்லாகக்கூடிய ஒக்சலேற்றும் உள்ளது. சிறுநீரக நோய் பரவியிருக்கிற எங்கள் பக்கத்தில் நாளாந்தக் குடிப்புக்கு உகந்ததல்ல.

அளவு பிசகினால் சமையற் சரக்கும் விளையாடும். பெருஞ்சீரகம், சோம்பு, அதிமதுரம் முதலானவை சேர்ந்த தேநீரை நாளைக்கு 2 லீற்றருக்கு மேல் குடித்த தாய்மாரின் பச்சிளம் பிள்ளைகள் சோர்ந்து, பால் குடிக்காமல், வாந்தியெடுத்தது 1994 இல் பதிவாகியிருக்கிறது. நிறுத்தியதும் தெளிந்தார்கள். அதிமதுரம் தாயின் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

வெறுந்தேத்தண்ணியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு கோப்பையில் ஏறக்குறைய 50 மி.கி. கஃபீன், பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 200 மி.கி. வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. சாயம் கூடினால் இந்தக் கணக்கும் கூடும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள்.

பிள்ளை வழமையை விடத் தூங்கி வழிந்தாலோ, பால் மறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ கசாயத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; காய்ச்சிய சரக்கின் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோங்கள். "வயித்துக்கு நல்லது" என்று பிள்ளையின் வாயில் ஒரு கரண்டி மல்லித்தண்ணி விடுவது 6 மாதம் வரை வேண்டாம்.